தட்டு வீச இடம் இருக்கிற காலேஜ்

மே மாதம் வந்தால் வெயிலுக்கு அடுத்தபடியாக நான் பயப்படுவது ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு. எனக்கு ப்ளஸ் டூ முடிந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் பயம். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுப் பிள்ளை பாஸ் பண்ணினாலும், "மதுரையில ஆபீஸ்ல இருக்கானே, அவனைக் கேளுங்க" என்று போன் என் பக்கம் திரும்பிவிடும். ஆபீஸில் நான் செய்வது ஃபைலை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்துவது. அது ஊருக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்வதில்லை.

இந்த வருஷம் அக்கா மகன்.

"தம்பி, இவன் காலேஜ் பாக்குற லட்சணத்தைக் கேளு. பக்கத்துல தட்டு எறிய இடம் இருக்கான்னு பாத்துத்தான் சேருவானாம்!"

"என்ன தட்டுக்கா? சாப்பாட்டுத் தட்டா?"

"அதை எறிஞ்சாக்கூடக் கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போயிரலாம். இது வேற என்னமோ தட்டு. ஒங்க மச்சான் ரெண்டு நாளா அவன்கூடப் பேசலை. நீ கெளம்பி வா."

சனிக்கிழமை காலை போடி ரயிலைப் பிடித்தேன். ஏலக்காய் முதலான மலைச்சரக்கை இறக்குவதற்காக 1928-ல் போட்ட லைன் அது. 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில்! பன்னிரண்டரை வருஷம். ஒரு பிள்ளை அஞ்சாம் வகுப்பில் பார்த்த ரயிலை அடுத்துப் பார்க்கும்போது டிகிரி முடித்து ஜாதகத்தோடு நிற்கும். போடியில் இறங்கித் தேவாரம் பஸ்ஸில் ஏறினால் ராசிங்காபுரம். மேற்கே பார்த்தால் காம்பவுண்டு சுவர் மாதிரி மலை. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் சத்தம்தான் எங்களுக்கெல்லாம் அலாரம்.

மாப்பிள்ளை வீட்டில் இல்லை. பின்னால் மாந்தோப்பில் இருந்தான். கையில் ஆரஞ்சு கலரில் ஒரு பிளாஸ்டிக் தட்டு.

"மாமா, இதான் டிஸ்க் கோல்ப். கோல்ப் மாதிரியேதான். பந்துக்குப் பதிலாத் தட்டு, குழிக்குப் பதிலாக் கூடை. எத்தனை வீச்சுல கூடையில போடுறோம்னு கணக்கு. கம்மியா வீசுனவன் ஜெயிச்சான்."

தோப்பு முழுக்க ஒன்பது கூடை வைத்திருந்தான். முதல் கூடை, பழைய சைக்கிள் ரிம்மில் மாட்டுச் சங்கிலியைத் தொங்கவிட்டது. நாலாவது, ஓட்டை விழுந்த மாம்பழக் கூடை. ஏழாவதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அக்கா ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த கோழிப் பஞ்சாரம்!

விளையாட்டுக்கு என்று பிறந்த தோப்பு ஸார் அது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே வளைத்து வளைத்து வீசுகிறான் பயல். நானும் வீசினேன். முதல் வீச்சு ஆட்டின் மேல். இரண்டாவது, அதே ஆட்டின் மேல். மூன்றாவது பம்ப்செட் கிணற்றுக்குள். கயிற்றில் வாளி கட்டித் தட்டை எடுத்தோம். ஒன்பது கூடைக்கு அவன் 29, நான் 71. அதில் ஆட்டுக்கு மன்னிப்பு கேட்ட நேரம் சேராது.

உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது சரித்திரம் சொன்னான். அமெரிக்காவில் கனெக்டிகட் பக்கம் ஃப்ரிஸ்பி என்று ஒரு பேக்கரி. அதன் தகரத் தட்டைக் காலேஜ் பையன்கள் தின்று முடித்ததும் வீசி விளையாடுவார்களாம். அந்தப் பெயர்தான் பிற்பாடு பிளாஸ்டிக் தட்டுக்கு வந்தது. எட் ஹெட்ரிக் என்பவர் 1975-ல் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் நிரந்தரமாக டிஸ்க் கோல்ப் மைதானம் போட்டார். சங்கிலி தொங்கும் கூடையும் அவர் கண்டுபிடிப்பே. 2002-ல் அவர் இறந்தபோது, அவருடைய ஆசைப்படி சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்களாம்! நம்மூரில் கங்கையில் கரைப்பார்கள். அவர் இன்னமும் பறந்துகொண்டிருக்கிறார்.

"அங்கே சில யுனிவர்சிட்டியில கேம்பஸுக்குள்ளயே கோர்ஸ் இருக்கு மாமா. காலேஜ் டீம்களுக்குன்னு நேஷனல் போட்டியே நடக்குது. பக்கத்துல நல்ல கோர்ஸ் இருக்கான்னு பாத்துத்தான் பல பேர் சேருறாங்க."

அங்கே சரி. நம்மூர்க் காலேஜ் புராஸ்பெக்டஸில் 'தட்டு' என்ற வார்த்தை வந்தால் அது மெஸ் விதிமுறையில்தான் வரும். சென்னைக் கடற்கரையில் இதே தட்டை வைத்து 'அல்டிமேட்' என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடுகிறார்கள். நம் பக்கத்தில் கோல்ப் என்றால் கொடைக்கானலில் 1895-ல் தொடங்கிய கிளப். அங்கே காட்டுமாடு மெம்பர் கார்டு இல்லாமலே மேயும்.

பயல் அதற்கும் வழி வைத்திருந்தான். கூடை நாம் வைத்துக்கொள்ளலாம், மரம் இருக்கிற கேம்பஸ் போதும் என்று லிஸ்ட் போட்டிருந்தான். முதலில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி. சென்னை ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த அந்தக் கல்லூரியே 1937-ல் தாம்பரத்துக் காட்டுப் பக்கம் குடிபோனது. அடுத்து ஐ.ஐ.டி. கிண்டிக் காட்டிலிருந்து ஒதுக்கிய இடம், மான் திரியும். ("மாப்ளே, என் கைக்கு ஆடே தப்பலை. அங்கே மான் மேல பட்டா கேஸாயிரும்!")

சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, அப்பா ஒரு காலேஜ் பாத்து வச்சிருக்காரு. ஏசி கிளாஸ், நாலு பக்கமும் கண்ணாடி. நான் போய்ப் பாத்தேன். கிரவுண்டு எங்கேன்னு கேட்டேன். பார்க்கிங்கைக் காட்டுறாங்க. அதுக்குப் பீஸ் கட்ட இந்தத் தோப்பை ஒத்திக்கு விடணுமாம்."

தோப்பைப் பார்த்தேன். எங்கள் மச்சான் இருபது வருஷம் தண்ணீர் இறைத்த மரங்கள். நடுவில் பஞ்சாரம்.

இந்த இடத்தில் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1994-ல் நான் காலேஜில் சேர்ந்ததும் இந்த மாதிரிதான். எனக்குத் தட்டு இல்லை, வாலிபால். (வாலிபால் ஆடாதவர்களுக்கு ஒரு தகவல்: 1895-ல் வில்லியம் மார்கன் என்பவர் அதைக் கண்டுபிடித்ததே, பேஸ்கட்பால் ஆடி மூச்சு வாங்கிய நடுவயது ஆபீஸ் ஆசாமிகளுக்காக. ஆகவே சாயங்காலம் உங்களைப் பார்த்து யாராவது சிரித்தால், 'இது எங்களுக்காகவே செய்த விளையாட்டு' என்று சொல்லுங்கள்.)

அந்த மதுரைக் காலேஜில் ஒரு வேப்பமரத்தடியில் வாலிபால் கோர்ட் உண்டு. பள்ளிக்கூட டோர்னமென்டுக்குப் போனபோது பார்த்தது. மனசு அங்கேயே தங்கிவிட்டது. அப்பாவிடம் அதைச் சொல்ல முடியுமா? ஏலக்காய் ஸ்டோரில் கணக்கெழுதிச் சம்பாதித்தவர். "அங்க பிசிக்ஸ் பிரமாதமாம்ப்பா" என்று புளுகினேன்.

அப்பா ஒரே நாளில் இரண்டு காலேஜைப் பார்க்கக் கூட்டிப்போனார். என் பெஞ்சுத் தோழனும் கூட வந்தான். என்னைவிட 112 மார்க் அதிகம் வாங்கியவன். முதல் காலேஜ் மூன்று மாடி. ஆஸ்பத்திரி மாதிரி சத்தமே இல்லை. அவன் அங்கே சேர்ந்தான். இரண்டாவது காலேஜுக்குப் போனபோது மணி ஐந்து. கிழிந்த நெட்டுக்கு இரண்டு பக்கமும் புழுதி பறந்துகொண்டிருந்தது. அப்பா பிசிக்ஸ் லேப் எங்கே என்று கேட்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் சாய்ந்து நின்று பத்து நிமிஷம் ஆட்டத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"பயலுக சிரிக்கிறாய்ங்க. இங்கனயே சேந்துக்க."

அவ்வளவுதான். என் பிசிக்ஸ் புளுகு தேவையே இல்லாமல் போய்விட்டது.

சேர்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பாடமெல்லாம் இங்கிலீஷ். "வாட்ஸ் யுவர் நேட்டிவ்?" என்று வாத்தியார் கேட்டதற்கு "யெஸ் சார்" என்றவன் நான். கிளாஸ் முழுக்கச் சிரித்தது. இரண்டாவது வாரம் பையைக் கட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி கிரவுண்டு ஓரமாக. "டேய் ஏலக்காய்! ஒரு ஆள் குறையுது, வாடா!" என்று ஒரு குரல். பையை வேப்பமரத்தடியில் வைத்தேன். அங்கே மூன்று வார்த்தை இங்கிலீஷ் போதும்: 'லிஃப்ட்', 'ஸ்மாஷ்', 'ஸாரி'. ஆட்டம் முடியும்போது இருட்டிவிட்டது. ஊருக்குப் போகிற வேகமும் போய்விட்டது.

மூன்று வருஷத்தில் காலேஜ் டீமுக்காக நான் ஆடியது ஒரே ஒரு மேட்ச். அதுவும் ஒருத்தனுக்கு அம்மை போட்டதால். ஆனால் டிகிரி முடித்தேன்.

112 மார்க் அதிகம் வாங்கியவன் தீபாவளிக்கு ஊருக்கு வந்தான். திரும்பிப் போகவில்லை. இன்றைக்கு போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவையும் ஒரு கையால் ஒடித்து ஜீப் ஓட்டுகிறான். கௌரவமாகத்தான் இருக்கிறான். ஒரு தடவை டீக்கடையில் கேட்டான்: "ஒங்க காலேஜுல சாயங்காலம் என்னடா செய்வீங்க?" சொன்னேன். "எங்களுக்கு அஞ்சு மணிக்குக் கேட்டைப் பூட்டிருவாய்ங்க. ரூமுக்குப் போயி செவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்றான். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். கிரவுண்டு இருந்திருந்தால் அவன் படித்திருப்பானா? தெரியாது. அந்த டீ மட்டும் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

ஆகவே பிள்ளைக்கோ தம்பிக்கோ காலேஜ் பார்க்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. காலையில் போகாதீர்கள். காலையில் எல்லாக் காலேஜும் நன்றாக இருக்கும். வேலை நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். புல்லைப் பார்த்து மயங்காதீர்கள். பச்சைப் பசேல் என்றிருந்தால் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று அர்த்தம். போஸ்டுக்குக் கீழே மண் தேய்ந்து குழி விழுந்திருக்கிறதா, அதைப் பாருங்கள். டீமில் இல்லாத பையனுக்குப் பந்து கொடுப்பார்களா என்று கேளுங்கள். ஸ்டேட் பிளேயருக்கு எங்கே போனாலும் ராஜமரியாதை. நம்ம வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாவது ஆள். அவனுக்கு இடம் உண்டா என்பதுதான் விஷயம். ஹாஸ்டலிலிருந்து நடக்கிற தூரமாக இருக்க வேண்டும். பஸ் ஏறிப் போய் விளையாட வேண்டுமென்றால் நாலாம் நாள் போர்வையை இழுத்துக்கொள்வான். அப்புறம் பீஸ், பாடம், வாத்தியார் எல்லாம் பாருங்கள். கிரவுண்டை மட்டும் பார்த்துச் சேர்ந்தால் ஸ்கோர் போர்டில் ஏறுவது அரியர்தான்.

அன்று ராத்திரி மச்சானிடம் பேசினேன். ஒத்தி என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. "அரசு காலேஜ், எய்டட் காலேஜ் எத்தனையோ இருக்கு மச்சான். போடியிலயே 2012-லேருந்து அரசு இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கு. பையன் மார்க்குக்குக் கெடைக்கும். ரெண்டு மூணு பாத்துட்டு வாரோம்" என்றேன். மச்சான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தட்டைக் கையோட கொண்டு போகவேணாம்னு சொல்லு" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

கொண்டுதான் போனோம். மூன்றாவதாகப் பார்த்த காலேஜில் வாட்ச்மேன், "எந்த டிபார்ட்மென்ட் பாக்கணும் சார்?" என்றார். அதைக் காலையிலேயே பார்த்தாகிவிட்டது, பீஸும் விசாரித்தாகிவிட்டது. "கிரவுண்டு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்து வழிவிட்டார். ஓரமாக வாகை மரங்கள். மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து வீசினான். மரத்தைச் சுற்றி வளைந்து போய் இறங்கியது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் ஓடிவந்தார்கள். "டேய், என்னடா அது? குடு, குடு!" பத்தே நிமிஷம். ஒருத்தன் வீசியது நேராக வாட்ச்மேன் நாற்காலியில் போய் உட்கார்ந்தது. வாட்ச்மேன் உட்பட அத்தனை பேரும்...

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்ன தம்பி, காலேஜ் எப்படி?"

"பயலுக சிரிக்கிறாய்ங்கக்கா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்பா மகள்தானே. "சரி, சேத்துவிட்ரு. வாரப்ப அந்தப் பஞ்சாரத்தை மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லு" என்றாள்.

எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள் ஸார். சொன்னால் நீங்களும் தட்டோடு வந்துவிடுவீர்கள். ஆட்டுக்காவது ஓடத் தெரியும். பாவம், அந்த வாட்ச்மேன்!