ஏலத்தில் விற்றது 210 ரிங்கிட். அனுப்பும் செலவு யார் தலையில்?

பரணில் கிடந்த பித்தளைக் குத்துவிளக்கு, அப்பா காலத்து இசைத்தட்டு, பழைய தபால் தலைத் தொகுப்பு. தோட்டத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த நம்மவர்களில் சிலர், வைக்க இடமில்லாத இப்படிப்பட்ட பொருள்களை இணைய ஏலத்தில் போட்டு வெளிநாட்டவருக்கு விற்று வருகிறார்கள். ஓய்வுபெற்றவர்களுக்கும் வீட்டோடு இருக்கும் பெண்களுக்கும் இது ஒரு சிறு வருமானம். பொருளின் விலையில் பெரிதாகத் தகராறு வருவதில்லை; அதை ஏலமே தீர்த்துவிடுகிறது. தகராறு வருவது அனுப்பும் செலவில்.

2025 ஆகஸ்ட் 29ஆம் தேதிக்குப் பிறகு இந்தத் தகராறின் தன்மையே மாறிவிட்டது. அதுவரை 800 டாலர் வரை மதிப்புள்ள பொட்டலங்கள் சுங்கவரி இல்லாமல் அமெரிக்காவுக்குள் போயின. 2016 முதல் இருந்த வரம்பு அது. அன்றைய தினம் எல்லா நாடுகளுக்கும் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் பல நாட்டு அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான பொட்டலங்களை ஏற்பதையே நிறுத்தின. 88 அஞ்சல் நிறுவனங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ சேவையை நிறுத்தியதாகவும், அமெரிக்காவுக்கான அஞ்சல் போக்குவரத்து 80 விழுக்காட்டுக்கு மேல் சரிந்ததாகவும் உலக அஞ்சல் ஒன்றியம் செப்டம்பரில் அறிவித்தது. ஏலத்தில் விற்று, பணத்தையும் வாங்கிவிட்டு, பொருளை அனுப்ப வழியில்லாமல் நிற்கும் நிலை சிறு விற்பனையாளர்களுக்கு வந்தது.

அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் சுங்கவரி என்பது வாங்குபவரின் வாசலில் நடக்கும் விவகாரம். பொட்டலம் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த நாட்டு அஞ்சல்காரர் அவரிடம் கேட்டு வாங்குவார். இப்போது அமெரிக்காவுக்கு அஞ்சலில் அனுப்பினால், வரியை முன்கூட்டியே வசூலித்துக் கட்ட வேண்டிய ஏற்பாடு வந்துவிட்டது. அதாவது, அந்தத் தொகையை நம் ஊர் அஞ்சலக முகப்பில், அனுப்புபவரிடம் கேட்கிறார்கள். விற்பவரோ இதை எதிர்பார்த்து ஏலத்தில் தொகை குறிப்பிடவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுங்கை சிப்புட்டில் ஒருவர் குத்துவிளக்கு ஒன்றை ஏலத்தில் விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 2 கிலோ 300 கிராம். அனுப்பும் செலவு 95 ரிங்கிட் என்று போட்டுவிட்டார். அமெரிக்காவில் ஒருவர் 210 ரிங்கிட்டுக்கு எடுத்துவிட்டார், மொத்தம் 305 ரிங்கிட்டைக் கட்டியும் விட்டார். விளக்கு வளையாமல் இருக்க 50 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 25 உயரம் உள்ள பெட்டியில் வைத்துக் கூரியர் கடைக்குப் போகிறார். அங்கே தராசை யாரும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். பெரும்பாலான கூரியர் நிறுவனங்களின் வழக்கம் இது. வருவது 6.25 கிலோ. அதை 6.5 கிலோவாக ஏற்றிக் கட்டணம் சொல்கிறார்கள். 95 ரிங்கிட் எந்த மூலைக்கு?

இதற்கு வழி இருந்தது. குத்துவிளக்கு மரை போட்டுக் கழற்றக்கூடிய பொருள். பாதம், தண்டு, தட்டு, கொண்டை என்று பிரித்துத் தனித்தனியாகச் சுற்றினால் 30க்கு 25க்கு 15 என்ற பெட்டியில் அடங்கிவிடும். கணக்குப்படி 2.25 கிலோதான். பெட்டியோடு சேர்த்து உண்மையான எடை 2.8 கிலோ என்றால் அந்த எடைக்குத்தான் கட்டணம். ஏலத்தில் போடுவதற்கு முன்பே பொருளைப் பெட்டியில் அடைத்து, அளந்து, நிறுத்துப் பார்ப்பவருக்கு இந்தத் தகராறே வராது. ஆனால் நம்மில் பலர் படம் எடுத்ததும் பொருளை மறுபடியும் பரணில் வைத்துவிட்டு, செலவை மனக்கணக்காகப் போடுகிறோம்.

இனி அந்த வரி. 2025 ஆகஸ்டில் வந்த அமெரிக்க ஆணை, அஞ்சல் பொட்டலங்களுக்கு முதல் ஆறு மாதங்களுக்கு இரண்டு வழிகளில் ஒன்றை அனுமதித்தது. பொருளின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்பது ஒன்று. பொட்டலத்துக்கு 80, 160 அல்லது 200 டாலர் என்ற நிலையான தொகை இன்னொன்று. மலேசியப் பொருளுக்கு அப்போது விகிதம் 19 விழுக்காடு. 50 டாலர் பொருள் என்றால் முதல் வழியில் ஒன்பதரை டாலர். இரண்டாவது வழியில் 160 டாலர்! எந்த வழி என்று தெரியாமல் வாங்குபவரிடம் வாக்குக் கொடுத்திருந்தால் கதி என்ன?

நம் விளக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வரி விகிதம் பொட்டலம் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்ததல்ல, பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. நம் வீட்டுப் பித்தளைச் சாமான்களில் பல நாச்சியார்கோயில் போன்ற ஊர்களில் வார்க்கப்பட்டுக் கப்பல் ஏறி வந்தவை. சுங்கை சிப்புட்டில் எழுபது ஆண்டுகள் இருந்தாலும் சுங்கத்தைப் பொறுத்தவரை அது இந்தியப் பொருள். இந்தியப் பொருளுக்கான விகிதம் 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடாக இருந்தது. மாறாக, நூல், இசைத்தட்டு, ஒளிப்படம் போன்ற தகவல் சாதனங்களை அந்த ஆணைகள் கூடுதல் வரியிலிருந்து விலக்கி வைத்தன. அப்பாவின் இசைத்தட்டை விற்பவர் படிவத்தில் ‘பழைய பொருள்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘இசைத்தட்டு’ என்று எழுதினால் அதற்குப் பலன் உண்டு. விகிதங்கள் அடிக்கடி மாறுகின்றன. ஏலத்தில் போடும் நாளன்று அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. ஆனால் 800 டாலர் சலுகை திரும்பி வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. 2027 ஜூலை 1 முதல் வணிகப் பொட்டலங்களுக்கு அதைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட அமெரிக்க நாடாளுமன்றம் 2025இலேயே சட்டம் இயற்றிவிட்டது.

சரி, சுங்கை சிப்புட்காரர் இப்போது என்ன செய்வது? பலர் உடனே வாங்குபவருக்கு ‘செலவு கூடிவிட்டது, இன்னும் 150 அனுப்புங்கள்’ என்று செய்தி போடுகிறார்கள். அவர் மறுக்கிறார். நம்மவர் கோபித்துக்கொள்கிறார். என் கருத்தில் இங்கே வாங்குபவர் பக்கம்தான் நியாயம். ஏலம் கேட்டவர் விளக்கின் விலையையும் அனுப்பும் செலவையும் சேர்த்துப் பார்த்துத்தான் தொகையைச் சொன்னார். ஏலம் முடிந்ததும் அது ஒப்பந்தம். ஒருதலைப்பட்சமாக அதை மாற்ற நமது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் இடமில்லை, ஏலத் தளத்தின் விதியிலும் இடமில்லை.

வித்தியாசம் சிறிதென்றால் ஏற்றுக்கொண்டு அனுப்பிவிடுவது நல்லது. தாங்க முடியாத தொகை என்றால் கூரியர் கடையில் கொடுத்த கட்டணச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, ‘தவறு என் பக்கம். வித்தியாசத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறீர்களா, அல்லது முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கட்டுமா?’ என்று கேட்கலாம். பணிவாகக் கேட்டால் ஒப்புக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஏலத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்புங்கள். ரத்துக்குக் காரணமாக ‘வாங்குபவர் கேட்டுக்கொண்டார்’ என்று பொய்யாக அழுத்திவிடாதீர்கள். அந்தக் காரணம் அவருக்கும் தெரியும், புகார் அங்கிருந்தே கிளம்பும்.

புகார் என்று வரும்போது சிறு விற்பனையாளரின் கை தாழ்ந்தே இருக்கிறது. ஈபே தளத்தில் வாங்குபவர் விற்பவரைப் பற்றி மோசமாக மதிப்பிடலாம். விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர 2008 முதல் வழியில்லை. பேபால் வழியாகப் பணம் கட்டியிருந்தால் 180 நாள்கள் வரை அவர் தகராறு எழுப்பலாம். ‘பொருள் வந்து சேரவில்லை’ என்று அவர் சொன்னால், அனுப்பியதற்கான சான்றை நாம்தான் காட்ட வேண்டும். செலவைக் குறைக்கச் சொல்லி வாங்குபவர் கெஞ்சினார் என்பதற்காகக் கண்காணிப்பு எண் இல்லாத மலிவு அஞ்சலில் போட்டவர்கள், பொருளையும் பணத்தையும் சேர்த்து இழப்பது இதனால்தான். அவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் எண் இல்லாமல் அனுப்ப வேண்டாம். பணம் கட்டும்போது பதிவான முகவரியைத் தவிர வேறு முகவரிக்கும் அனுப்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கத் தவறும் நம்மிடம் உண்டு. பொருளுக்கு ஒரு டாலர், அனுப்ப நாற்பது டாலர் என்று போடும் பழைய தந்திரம். தளத்தின் கட்டணம் பொருள் விலைக்கு மட்டும் இருந்த காலத்தில் அதில் லாபம் இருந்தது. இப்போது ஈபே அனுப்பும் செலவையும் சேர்த்த மொத்தத்துக்குத்தான் கட்டணம் பிடிக்கிறது. ஆக, ஏற்றிவைப்பதில் மிச்சம் ஒன்றுமில்லை, வம்புதான் மிச்சம். 95 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, பெட்டியின் மேல் 62 ரிங்கிட் சீட்டை ஒட்டி அனுப்பினால் பார்க்கிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். பெட்டிக்கும் குமிழித் தாளுக்கும் பெட்ரோலுக்கும் ஆன செலவு நியாயமானதே. அதைப் பொருளின் தொடக்க விலையில் சேருங்கள். அஞ்சல் கட்டணம் அஞ்சல் கட்டணமாகவே இருக்கட்டும்.

வரியைக் கேட்டதும் வாங்குபவர்கள் சொல்லும் யோசனை ஒன்று எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி: ‘அன்பளிப்பு என்று எழுதிவிடுங்கள், மதிப்பு பத்து டாலர் என்று போடுங்கள்.’ உதவி செய்வதாக நினைத்து நம்மவர்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சுங்கப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது அனுப்புபவர். பொய் அறிவிப்புக்குப் பொறுப்பும் அவருடையதே. பொட்டலம் தொலைந்தாலோ உடைந்தாலோ படிவத்தில் எழுதிய பத்து டாலரைத் தாண்டி இழப்பீடு கேட்கவும் முடியாது. வாங்குபவருக்கோ முழுத் தொகையையும் திருப்ப வேண்டிவரும். இதற்கு ஒரே பதில் ‘முடியாது’ என்பதுதான். அதையும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள், புலனத்தில் வேண்டாம். பிற்பாடு தகராறு வந்தால் தளம் படிப்பது தன்னிடம் உள்ள செய்திகளைத்தான்.

பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா கதை வேறு. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதலும், பிரிட்டன் 2021 ஜனவரி முதலும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதலும் குறைந்த மதிப்புள்ள பொருள்களின் விற்பனை வரியைத் தளங்கள் விற்பனையின்போதே வசூலிக்கும் முறையைக் கொண்டுவந்தன. இங்கே வாங்குபவர் ‘நான்தான் வரி கட்டிவிட்டேனே’ என்பார், அது உண்மைதான். ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது தளம் கொடுக்கும் வரிப் பதிவு எண்ணை அஞ்சலகத்தின் மின்னியல் படிவத்தில் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அங்கே மறுபடியும் வரி கேட்பார்கள். இரண்டாவது முறை கட்டிய பணத்தை அவர் நம்மிடம் கேட்டால் கொடுப்பதே முறை, ஏனெனில் விடுபட்டது நம் கையால். இதற்கு மேல், 150 யூரோவுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2026 ஜூலை 1 முதல் 3 யூரோ சுங்கவரி விதிக்கவும் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது.

வாங்குபவர் வரி கட்ட மறுத்துப் பொட்டலத்தைத் திருப்பிவிட்டால்? பொட்டலப் படிவத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது: சேர்க்க முடியாவிட்டால் அனுப்புநருக்குத் திருப்பு, அல்லது கைவிடு. அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. திருப்பு என்று குறித்தால் திரும்பி வரும் செலவு நம் தலையில் விழலாம். 40 ரிங்கிட் சொம்புக்கு அது கட்டுப்படியாகாது, விளக்குக்குக் கட்டுப்படியாகும். இது ஏலத்துக்கு முன்பே யோசித்து வைக்க வேண்டிய விஷயம். அதோடு, ‘இறக்குமதி வரி விலையில் அடங்கவில்லை, வாங்குபவரே கட்ட வேண்டும்’ என்ற வரியையும், அமெரிக்கா என்றால் ‘வரி முன்கூட்டியே கட்டப்பட்டு அனுப்பும் செலவில் சேர்க்கப்பட்டுள்ளது’ என்ற வரியையும் பொருள் விவரத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒருவர் மூன்று பொருள் எடுத்தால் சேர்த்து அனுப்புவீர்களா, எவ்வளவு குறைப்பீர்கள் என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

இணையத்தில் விற்பவர் போக்குவரத்துச் செலவும் வரியும் அடங்கிய முழு விலையைத் தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் 2012ஆம் ஆண்டு மின்வணிகப் பயனீட்டாளர் விதிமுறைகளிலேயே இருந்தது. 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரக்கூடிய பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றமும் இங்கே உண்டு. ஆனால் அதன் கதவு வாங்குபவருக்குத்தான் திறக்கும். பணம் வராத விற்பனையாளர் அங்கே போக முடியாது. வெளிநாட்டு வாங்குபவருடன் வரும் வழக்கு தளத்தின் தகராறுப் பக்கத்தில்தான் நடக்கும். அங்கே சாட்சி சொல்லப் போவது ஏலம் தொடங்கிய நாளில் நீங்கள் எழுதிய அந்த நான்கு வரியும், அஞ்சலகம் கொடுத்த ரசீதும், கண்காணிப்பு எண்ணும்தான். முன்பு போட்ட விற்பனைப் பட்டியல்கள் தானாகப் புதுப்பித்துக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அமெரிக்காவுக்குப் பழைய கட்டணம் காட்டுகிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.