கணினியின் தொடக்கச் செய்திகள்

ஒரு கருவியைக் கையாள்வோர் அதன் நிலையை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். எவ்வளவு அறிதல் வேண்டும் என்பதே வினா. கணினியைப் பொறுத்தவரை இவ்வினா இன்று வீடுதோறும் எழுதற்குரியது.

மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் தமிழக அரசின் திட்டம், திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அம்மாவட்டத்தைச் சேர்ந்த முத்தாபுதுப்பேட்டை முதலாகத் தமிழகமெங்கும் உள்ள எளிய குடும்பங்கள் பலவற்றுள் கணினி நுழைய அது வழி செய்தது. அக்கணினிகள் பலவற்றில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளம் இடம்பெற்றது.

கணினியை முடுக்கியவுடன், அதனுள் நிலையாகப் பதிந்துள்ள சிறு நிரல் ஒன்று நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவற்றைச் சோதிக்கின்றது. பின்னர் இயங்குதளத்தின் கரு வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏறுகின்றது. அது ஒவ்வோர் உறுப்பையும் இனங்கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுகின்றது. 1980களின் கணினிகள் பல இவற்றை ஒளிவுமறைவின்றித் திரையில் காட்டின. இக்காலக் கணினிகளோ ஓர் அழகிய படத்தைக் காட்டி, வரிகளை அதன்பின் மறைத்துவிடுகின்றன.

மறைப்பதே நன்று என்பர் சிலர். விரைந்தோடும் ஆங்கில வரிகள் பழகாதவரை அச்சுறுத்தும். தீங்கற்ற சிறு பிழையும் பெருங்கேடாகத் தோன்றும். ஆவடி வழியே ஓடும் மின்தொடர் வண்டியில் அளவுமானிகள் ஓட்டுநர்க்கே உரியன. பயணிக்கு அவை வேண்டா என்பது இவர்தம் வாதம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. வண்டி இரு நிலையங்களுக்கு இடையே நின்றுவிடின், காரணத்தை அறியும் உரிமை பயணிக்கு உண்டன்றோ? நாளைத் தேர்வு, இன்றிரவு கணினி இயங்கவில்லை. திரையிலோ ஒரு வட்டம் சுழன்றுகொண்டேயிருக்கின்றது. வட்டுப் பழுதா, இணைப்பு நெகிழ்ந்ததா என்பதை அம்மாணவன் எங்ஙனம் அறிவான்? பழுது பார்ப்பவர் கூறுவதே அவனுக்கு வேதமாகிவிடும். அறியாமை அச்சத்தை வளர்ப்பதோடு, கைப்பொருளையும் கரைக்கும்.

ஆதலின், நலமாக இயங்கும்போது கணினி அமைதியாக இருக்கட்டும். நலங்குன்றியபோது தெளிவாகப் பேசட்டும். லினக்ஸ் வகைகள் பலவற்றில் தொடக்கப் படம் தோன்றும்போது ஒரு விசையை அழுத்தினால் மறைந்த வரிகள் வெளிப்படும். பின்னரும் அவற்றைப் பதிவேட்டில் காணலாம். கதவு சாத்தியிருக்கலாம், பூட்டியிருத்தலாகாது. ஆர்வமுள்ள மாணவன் அவ்வரிகளைப் படித்தே கணினியின் உள்ளமைப்பைக் கற்கத் தொடங்குவான்.

அச்செய்தி தமிழிலும் இருத்தல் வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என அமைந்த எளிய எழுத்துத் திரையில் தமிழின் கொம்பும் காலும் செவ்வனே பொருந்துவதில்லை. வரைகலைத் திரையில் இவ்விடர் இல்லை. ஆகவே முதன்மையான செய்திகளைத் தமிழில் முன்னரே அமைத்துவைக்கலாம். நேர்ந்தது யாது, சேமித்த கோப்புகளின் நிலை யாது, இனிச் செய்வது யாது என்னும் மூன்றையும் கூறினால் போதும். வல்லுநர்க்கு உதவும்பொருட்டுப் பிழையின் குறியெண்ணையும் அருகே தருதல் தகும்.

மக்களுக்குக் கருவி வழங்குதல் நற்செயல். அதன் நிலையை அவர்தம் மொழியில் அறிவித்தல் அந்நற்செயலை நிறைவாக்கும். தன் கருவி நின்றதன் காரணத்தை அறிந்தவனே அதற்கு உடையவன். அறியாதவன் அதனைச் சுமப்பவனே ஆவான்.