ஊசிக்குக் கைதட்டல், ஆர்.சி.யில் அவன் பெயர்

ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்தில் லிஃப்ட் நேராக உச்சி மாடிக்கு ஏற்றிவிடுகிறது. அங்கே முதலில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது, பொம்மைதான். அதைத் தாண்டினால் 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டி. வேலை விஷயமாகப் போன நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். எனக்கு நினைவு வந்தவர் பெர்த்தா.

பெர்த்தா பென்ஸ் கதையை மகளிர் தின மேடைகளில் கேட்டிருப்பீர்கள். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போனார். வழியில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். ஊசி வந்ததும் கைதட்டல். உடனே, 'ஒவ்வொரு ஆணின் வெற்றிக்குப் பின்னாலும்' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

பின்னால் என்ன பின்னால்? கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனத்தைக் கேட்டு வாங்கி, கார்லின் கூட்டாளியை விலக்கிப் பட்டறையைக் காப்பாற்றியவர் அவர். முதல் போட்டவர். நெடுவழியில் ஓட்டிச் சோதித்தவர். மேட்டில் வண்டி ஏறவில்லை, இன்னொரு கியர் வேண்டும் என்று குறை சொன்னவர். 37435 எண்ணுள்ள காப்புரிமை 'பென்ஸ் & கோ.' நிறுவனத்தின் பெயரில், அதில் பெர்த்தா பெயர் இல்லை. ஊசியைப் பாராட்ட யாருக்கும் செலவில்லை. முதலைப் பேசினால் பங்கைப் பேச வேண்டும்.

நான் நாகலூர்க்காரி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், எங்கள் ஊர் அதற்கும் அப்பால். அந்த வளைவுகளில் மாலை கட்டிய புதுக் காரில் மாப்பிள்ளைகள் ஏறி வருவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அதற்காகப் பெண்ணின் அப்பா காப்பித் தோட்டத்தில் ஒரு துண்டை விற்றிருப்பார். 'பொண்ணுக்குத்தானே கொடுத்தோம்' என்பார். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது மாப்பிள்ளை பெயர். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவாள், சாவி மட்டும் கைக்கு வராது. பெர்த்தாவாவது ஓட்டினார்!

1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். அதன் 6-ஆம் பிரிவை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. வரதட்சணையை வேறு யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்கிறது அது. அதுவரை வாங்கியவர் அவளுக்காக அதை வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

கல்லூரியில் படிக்கும் தங்கைகளே, அடுத்த முறை அக்கா வீட்டுக்குப் போகும்போது வாசலில் நிற்கும் காரின் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று மாதம் கடந்திருந்தால், பெயர் மாற்ற எப்போது ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிறீர்கள் என்று மாமாவிடம் எல்லார் முன்னாலும் கேளுங்கள்.