வசவிலும் சொத்துரிமை

நமது நாட்டில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசாத மனிதனே கிடையாது. புராணப் பிரசங்கியார் முதல் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ஒழுக்கம் தவறியவர்கள் என்று சொல்லுவதற்கு நாம் தினந்தோறும் வழங்கும் வார்த்தைகள் என்ன பொருளுடையவை, யார் தலையில் விழுகின்றன, யாரைத் தொடாமல் விலகிப் போகின்றன என்று யோசித்துப் பார்க்கிறவர்கள் வெகு சிலரேயாவார்கள்.

முதலில் ‘சோரம்’ என்கிற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் சோரன் என்றால் திருடன். சோரம் என்றால் திருட்டு. தமிழிலே சொல்லுகிறவர்கள் கள்ளப் புருஷன், கள்ளத் தொடர்பு என்கிறார்கள். அதுவும் திருட்டேதான். திருட்டு என்றால் ஒரு பொருள் இருக்க வேண்டும். பொருளுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்க வேண்டும். இங்கே பொருள் யார்? பெண். சொந்தக்காரன் யார்? புருஷன். வள்ளுவர்கூடப் ‘பிறனில் விழையாமை’ அதிகாரத்தின் முதல் குறளில், அடுத்தவன் மனைவியைப் ‘பிறன்பொருளாள்’ என்றே குறிக்கிறார். அங்கே கண்டிக்கப்படுகிறவன் ஆண் என்பது உண்மையே. ஆனாலும் பெண் பொருளாகத்தான் நிற்கிறாள்.

இது வெறும் வார்த்தைதானே என்று சிலர் கேட்கலாம். இதே எண்ணம் சட்டமாகவும் இருந்ததை அவர்கள் கவனிக்க வேண்டும். 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு, ஒருவனுடைய மனைவியோடு அந்தப் புருஷனின் சம்மதமில்லாமல் சேருகிறவனுக்கு 5 வருஷம் வரை தண்டனை விதித்தது. புருஷன் சம்மதித்துவிட்டால் குற்றமே இல்லை! அவனே ஒரு விதவையிடமோ கலியாணமாகாத பெண்ணிடமோ போய்வந்தால், அவன் மனைவி இந்தப் பிரிவின்கீழ் வழக்குத் தொடரவும் வழியில்லை. இது ஒழுக்கத்தைக் காக்கும் சட்டமா, அல்லது வேலி தாண்டி வந்த மாட்டைப் பட்டியில் அடைக்கும் சட்டமா? 2018 செப்டம்பர் 27-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், மனைவி புருஷனின் உடைமையல்ல என்று சொல்லி இந்தப் பிரிவைச் செல்லாததாக்கினார்கள். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அது இல்லை. ஆகவே 158 வருஷ காலத்துச் சட்டம் செத்துவிட்டது. ஆனால் வார்த்தை சாகவில்லை.

நிற்க. அதே காரியத்தைச் செய்கிற ஆணுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? ‘மைனர்’ என்கிறோம். இது கோர்ட்டிலிருந்து வந்த வார்த்தை. 1875-ம் வருஷத்து மேஜர் வயதுச் சட்டப்படி மற்றவர்கள் 18 வயதில் மேஜராவார்கள். கோர்ட் ஆஃப் வார்ட்ஸின் பொறுப்பிலிருந்த ஜமீன் பிள்ளைகளோ 21 வயது வரை மைனர்களே. அந்த வார்த்தை ஊர் வாயில் விழுந்து, சொத்தும் சோம்பலும் உள்ள உல்லாச புருஷனுக்குப் பட்டமாகிவிட்டது. மைனர் என்றழைத்தால் எவனுக்கும் கோபம் வருவதில்லை. சங்கிலியைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறான். அதே காரியத்தைச் செய்கிறவன் கூலிக்காரன் மகனாயிருந்தால் மட்டும் ‘பொறுக்கி’ என்கிறோம். ஆக, இந்த வார்த்தைகள் செய்கையை அளப்பதில்லை. செய்கிறவன் ஆணா பெண்ணா, ஆணானால் அவனுக்குக் காணி நிலம் எவ்வளவு என்பதையே அளக்கின்றன.

தமிழில் ஆணுக்குக் கடுஞ்சொல்லே இல்லையா என்றால், இருந்தது. திருக்குறளின் 1311-வது குறளில் மனைவி தன் புருஷனைப் ‘பரத்த’ என்று கூப்பிட்டு ஊடுகிறாள். பரத்தை என்பதற்கு ஆண்பால். இன்று பரத்தை என்றால் படித்தவர் எல்லோருக்கும் விளங்குகிறது. பரத்தன் என்றால் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆண்கள் அவ்வளவு யோக்கியர்களாகி விட்டபடியால் அந்த வார்த்தை வழக்கொழிந்து போயிற்று என்று யாராவது நம்புவார்களா?

பழமொழிகளையும் பாருங்கள். ஆம்பிளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான் என்கிறார்கள். இதில் மனிதன் ஒருவனே. மற்றப் பெண் சேறு, வீட்டிலிருக்கிறவள் தண்ணீர். பெண்ணுக்கோ, பொம்பளை சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு என்கிறார்கள். அவனுக்கு வருஷக்கணக்கில் ஊர் சுற்றினாலும் மிகையில்லை. அவளுக்கு ஒரு சிரிப்பே மிகையாகிவிடுகிறது.

‘தேவரடியாள்’ என்கிற வார்த்தையின் கதை இன்னும் வேடிக்கையானது. கடவுளுக்கு அடிமை பூண்டவள் என்பது அதன் பொருள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து வீடும் நெல்லும் ஏற்படுத்தியதைக் கல்வெட்டிலே பெருமையாக வெட்டிவைத்தான். பொட்டுக்கட்டுவதை 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் ஒழித்தது. வழக்கம் ஒழிந்து, அந்தப் பெயர் மட்டும் சிதைந்து தெருச் சண்டையின் முதல் வசவாக நிற்கிறது. இரண்டு ஆண்கள் வண்டி உரசியதற்குச் சண்டையிட்டால், அங்கே இல்லாத ஒரு தாய் அந்த வார்த்தையால் இழுக்கப்படுகிறாள். தகப்பனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கோவிலுக்குப் பெண்களை விட்ட ராஜாக்களுக்கும், அவர்களை வைத்துக்கொண்ட தனவந்தர்களுக்கும் இன்றுவரை ஒரு வசவும் ஏற்படவில்லை.

இவையெல்லாம் காற்றோடு போகும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கைவிடப்பட்ட மனைவி ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், அவள் சோரத்தில் வாழ்கிறவள் என்று ஏற்பட்டால் ஒரு காசும் கிடையாது என்பது 1973-ம் வருஷத்துச் சட்டத்தின் 125-வது பிரிவு. அதற்குப் பதிலாக 2024-ல் வந்த சட்டத்தின் 144-வது பிரிவும் அப்படியே சொல்லுகிறது. ஏதோ ஒரு தடவை தவறினாள் என்பது போதாது, தொடர்ந்து அப்படி வாழ்கிறாள் என்று ருஜுவாக வேண்டும் எனப் பல ஹைகோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. ஆனால் தெருவுக்கு ருஜு எதற்கு? புருஷன் கிளப்பிவிட்ட வார்த்தையை நாலு பேர் திருப்பிச் சொன்னால், அவள் படியேறும் முன்பே பாதி வழக்குத் தோற்றுப்போகிறது. நாம் திண்ணையில் உட்கார்ந்து துப்பும் வார்த்தை ஒரு பெண்ணின் உலை அரிசியில் போய் விழுகிறது என்பதை மறக்கக்கூடாது.

அப்படியானால் ஒழுக்கமே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நம்பினவரை ஏமாற்றுவது குற்றமே. அதற்கு ‘நம்பிக்கைத் துரோகம்’ என்ற தக்க வார்த்தை இருக்கிறது. அது புருஷனுக்கும் பொருந்தும், மனைவிக்கும் பொருந்தும். ஜமீன்தாருக்கும் பொருந்தும், கூலிக்காரனுக்கும் பொருந்தும். அதில் யாரும் யாருக்கும் சொத்து அல்ல. இருவருக்கும் பொருந்தாத வார்த்தை ஒழுக்கத்தைப் பற்றிய வார்த்தையாக இருக்கவே முடியாது. அது எஜமானன் அடிமையை மிரட்டும் வார்த்தையே ஆகும்.

ஆகவே தோழர்களே, இனி உங்கள் எதிரில் யாராவது ஒரு பெண்ணைப் பற்றி அப்படிப்பட்ட வார்த்தையைச் சொன்னால், ‘அந்த ஆண் யார், அவனுக்கு என்ன பெயர்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லும் யோக்கியதையும் கிடையாது என்பதே நமது அபிப்பிராயம்.