பேனரில் இல்லாத முப்பத்தெட்டு பேர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுசாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "அருமை டீச்சர்" என்று போட வேண்டாம், எனக்குத் தெரிந்துவிடும்.

1999-ல் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அடுத்த மாதம் நம் மங்கலம்பேட்டை பள்ளியில் ஒன்றுகூடப் போகிறீர்கள். என்னையும் மேடையில் உட்கார அழைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். போன வாரம் வாட்ஸப்பில் பேனர் மாதிரி ஒன்று வந்தது. பதினான்கு போட்டோ. ஒரு டாக்டர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், பேங்க் மேனேஜர் ஒருத்தர், சிங்கப்பூர், துபாய், பெங்களூரு என்று மற்றவர்கள். கீழே ஒரு வரி: கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலுக்கு ராமானுஜன், ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு கலாம், நம்ம பள்ளிக்கு நாம!

அந்தப் பேனருக்குக் கீழே நான் உட்கார மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நீங்களே அந்த இரண்டு பள்ளிகளின் பெயரை இழுத்துவிட்டீர்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இரண்டும் அந்தக் காலத்து இங்கிலீஷ் பள்ளிகள். ஷ்வார்ட்ஸ் பாதிரியார் கும்பினி காலத்தில், 1785 வாக்கில், தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஊர்களில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைத்தவர். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் 1864-ல் வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் விஞ்ஞானி ஆகட்டும் என்று அனுப்பவில்லை. மெட்ரிகுலேஷன் தேறினால் ஏதாவது ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைக்கும், மாசம் பிறந்தால் சம்பளம் வரும் என்றுதான்.

ராமானுஜன் அந்தப் பள்ளியில் கெட்டிக்காரப் பையன், சந்தேகமே இல்லை. 1904-ல் கணக்குக்காகப் பரிசு கொடுத்து அனுப்பினார்கள். நூற்றுக்கு நூறு போட்டாலும் இவனுக்குப் போதாது என்ற அர்த்தத்தில் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் பேசியிருக்கிறார். ஒரு வாத்தியாராக எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அடுத்து என்ன ஆனது? உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கிலீஷ் கட்டுரையில் கோட்டை விட்டார், உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஃபெயில்.

பிள்ளைகளே, 1907-ல் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் கூடி ஒரு பேனர் அடித்திருந்தால் அதில் ராமானுஜன் படம் இருந்திருக்குமா? இருபது வயசுப் பையன், எஃப்.ஏ. ஃபெயில், வேலை கிடையாது, சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் ஸ்லேட்டை வைத்துக்கொண்டு எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான். தெருவில் போனவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம் தெருவிலும் அதைத்தான் சொல்லுவோம்.

அந்தப் பையன் 1910-ல் நம்ம பக்கம் வந்திருக்கிறான், தெரியுமா? திருக்கோவிலூரில் அப்போது டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவர் அவர்தான். விருத்தாசலமும் திருக்கோவிலூரும் அன்றைக்கு ஒரே தென்னார்க்காடு ஜில்லா. அவரிடம் போய்த் தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கொடுங்கள் என்று கேட்டார் ராமானுஜன். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இவனை இந்த வேலையில் போட்டு அமுக்கக் கூடாது என்று சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கேயும் அலைந்து, கடைசியில் 1912-ல் துறைமுக ஆபீஸில் மாசம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-ல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், தான் யுனிவர்சிட்டி படிப்பு படித்தவன் இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புதான் என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதுகிறார். இன்றைக்குப் பெருமையோடு அவர் பெயரைச் சொல்லும் படிப்பு ஏற்பாடு, அன்றைக்கு அவரை வெளியே தள்ளிய ஏற்பாடுதான்.

இன்னொன்று. ராமானுஜன் படிக்கும்போதே அந்தப் பள்ளிக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. சுமார் 1200 பிள்ளைகள், முப்பதுக்கு மேல் வாத்தியார்கள். அட்டவணை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி தெரியும், நான் இரண்டு வருஷம் போட்டிருக்கிறேன். எனக்கு அந்த 1200-தான் மனசில் நிற்கிறது. ஒருத்தரை எடுத்துவிட்டால் 1199 பேர். அவர்கள் எங்கே? கோர்ட்டில், தபாலில், ரயில்வேயில், துணிக்கடைக் கணக்கில், இன்னொரு பள்ளியின் கரும்பலகைக்கு முன்னால் என்று பலர் போயிருப்பார்கள். ராமானுஜனின் அப்பாவே கும்பகோணத்துத் துணிக்கடையில் கணக்கு எழுதியவர்தான். அந்தப் பள்ளியின் சாதனை என்று கேட்டால் அந்த 1199 பேரையும் சேர்த்துத்தான் கணக்கு சொல்ல வேண்டும். ஒரு ராமானுஜனை எந்தப் பள்ளியும் செய்ய முடியாது. மற்றவர்களைத்தான் பள்ளி செய்கிறது, அல்லது கெடுக்கிறது.

அவர் மனைவி ஜானகி அம்மாவை எந்தப் பள்ளியின் பட்டியலிலும் பார்க்க முடியாது. 1920-ல், முப்பத்திரண்டு வயசில், ராமானுஜன் போய்விட்டார். அந்த அம்மா தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கி, 1994 வரைக்கும் இருந்தார். நம் வகுப்பில் இருபத்திமூன்று பெண்பிள்ளைகள். உங்கள் பேனரில் இரண்டே பேர். இதைப் போட்ட தம்பிக்கு அது கண்ணில் படவே இல்லை போல.

சரி, கலாம் ஐயாவுக்கு வருவோம். அவர் படித்த முதல் பள்ளி ஷ்வார்ட்ஸ் இல்லை, ராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளி. 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தை உங்களில் பாதிப் பேர் படித்திருப்பீர்கள். அதில் அந்தத் தொடக்கப் பள்ளியில் தன்னோடு ஒன்றாக இருந்த மூன்று நண்பர்களைப் பற்றிச் சொல்கிறாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தர் ராமேஸ்வரம் கோயிலில் குருக்கள் ஆனார். ஒருத்தர் யாத்திரை வருகிறவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழில். ஒருத்தர் தெற்கு ரயில்வேயில் சாப்பாட்டு காண்டிராக்ட். ராக்கெட் விட்டவர் எழுதிய புத்தகத்தில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது. அண்ணன் மளிகைக் கடை வைத்திருந்ததையும், சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததையும் ஒளிக்கவில்லை. அவருக்கு இருந்த மனசு நமக்கு ஏன் வரவில்லை?

இப்போது என் சங்கதி. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டார். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. "டீச்சர், அடையாளம் தெரியுதா? மூணாவது பெஞ்ச்" என்றார். தெரிந்தது. செராமிக் கம்பெனியில் சூளை வேலை. பதினெட்டு வருஷமாக அதே வேலை. பீங்கான் பொம்மை, ஃப்யூஸ் கேரியர் எல்லாம் அவர் கையால் அடுக்கித்தான் சூளைக்குள் போகிறது. அடுக்கு கொஞ்சம் சாய்ந்தாலும், ஈரம் காயாமல் ஏற்றினாலும், சூட்டை அவசரமாகக் கூட்டினாலும் விரிசல் விட்டு மொத்தமும் வீண் என்று எனக்கு நின்றுகொண்டே பாடம் எடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் ஏறும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே ஆயிட்டேன் டீச்சர்."

நான் என்ன சொன்னேன்? உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வாய்ப்பாடு சொல்லாதவனை எழுப்பி நிறுத்தி, "படிக்கலைன்னா செராமிக் கம்பெனியில மண்ணு மிதிக்கத்தான் போவே" என்பேன். வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். அவன் அப்பா அப்போதே அந்த வேலையில்தான் இருந்தார். அவர் கொண்டுவந்த கூலியில் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்தப் பையன் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொன்னேன். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் என்று ஒரு பாடம் உண்டு, அதில் நல்ல மார்க்கும் வாங்கினேன். என்ன பிரயோஜனம்?

ஒன்றுகூடலுக்கு வருகிறாயா என்று கேட்டேன். அப்படி ஒன்று நடப்பதே அவருக்குத் தெரியவில்லை. வாட்ஸப் குழுவில் யாரும் சேர்க்கவில்லை.

நான் வாயால் செய்த தப்பை நீங்கள் இப்போது கலர் பேனரில் பத்தடிக்கு எட்டடியாகச் செய்கிறீர்கள். அதுதான் என் கோபம்.

"சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ஊக்கம் வேண்டாமா டீச்சர்?" என்று குழுவில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அந்த மைதானத்தில் உட்காரப்போகும் ஏழாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அப்பா முந்திரித் தோப்பில் கூலி, அல்லது லோடு ஏற்றுகிறவர். அம்மா பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அப்பாவும் இதே பள்ளியில் படித்தவர். பிள்ளை அந்தப் பேனரில் அப்பா முகத்தைத் தேடும், இருக்காது. என்ன ஊக்கம் வரும்? டாக்டர் ஆன பிள்ளை மேடை ஏறிப் பேசட்டும், நானே முதலில் கை தட்டுவேன். அந்தப் பெண் ராத்திரி சிம்னி விளக்கில் படித்தவள், எனக்கு மறக்காது. அவள் பெயரைச் சின்னதாகப் போடு என்று நான் கேட்கவில்லை. எல்லாப் பெயரையும் அதே அளவில் போடு என்கிறேன்.

ஊருக்கு ஊர் தனியார் பள்ளிகள் மார்க் வாங்கியவர்கள் முகத்தை மட்டும் ரோட்டோரம் கட்டுகிறார்கள். அவர்களுக்கு அது வியாபாரம், அட்மிஷன் வேண்டும். என் தங்கை பேரனையும் அதைப் பார்த்துத்தான் வேனில் ஏற்றிவிட்டார்கள் (கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி, நேரிலும் சொல்லியிருக்கிறேன்). நம் பள்ளிக்கு விற்க என்ன இருக்கிறது?

அந்த வருஷத்து வருகைப் பதிவேட்டில் ஐம்பத்திரண்டு பெயர். நான் தனியே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினான்கு போக முப்பத்தெட்டு பேர். அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. ஐந்து பெண்கள் எட்டாவதோடு நின்று கல்யாணமாகிப் போனவர்கள், ஒருத்தி உளுந்தூர்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள், நல்ல கூட்டம். இருபத்தொரு பேர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். மற்றவர்களை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு பெயரும் பதிவேட்டு வரிசைப்படி, செய்யும் வேலையோடு, ஒரே எழுத்தளவில் வரட்டும். சூளை வேலை என்றால் சூளை வேலை என்றே போடுங்கள். அதை "செராமிக் துறை" என்று அலங்காரம் பண்ண வேண்டாம், அவரே சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நோட்டைத் தருகிறேன், உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள். "சாதணையாளர்கள்" என்று மூணு சுழி போட்டிருக்கிறீர்கள், அதற்கு ரெண்டு சுழி.