கற்றுத்தரும் பொறுமை எங்கே?

இளையோரைக் கைப்பேசி கெடுத்துவிட்டதென்று புலம்புகிறோம். அது பாதி உண்மையே.

1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோதும், 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தபோதும், பெட்டி கூடத்தில்தான் இருந்தது. பாட்டியும் பேரனும் ஒன்றாகவே பார்த்தனர். 2016க்குப் பின் மலிந்த இணையமோ ஆளுக்கொரு திரையைத் தந்து, ஆளுக்கொரு மூலையையும் தந்துவிட்டது.

அம்மியையும் உரலையும் நமக்குப் பழக்கிய அன்னை, இன்று வெளியூர் மகனின் காணொலி அழைப்பை எடுக்கத் தெரியாமல் திகைத்து நிற்கிறார். "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று கருவியைப் பறித்துக்கொள்கிறோம். நமக்கு நடக்கவும் பேசவும் நூறுமுறை சொல்லித்தந்தவருக்கு, இரண்டாம் முறை சொல்ல நமக்குப் பொறுமை இல்லை!

குற்றவாளி கருவியா? அல்ல, நாமே. இன்றிரவே அன்னையின் அருகே அமர்வோம். அவர் விரல் பிடித்துக் கற்றுத்தருவோம்.