தோத்துப் போன யோசேப்பு

பைபிள்ல யோசேப்புன்னு சொன்னதும் ரெண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. எகிப்துக்கு விற்கப்பட்டவர் ஒருத்தர், மரியாளின் கணவர் இன்னொருத்தர். நல்லா வாசிக்கிறவங்க அரிமத்தியா ஊர் யோசேப்பையும் சேர்த்துக்குவாங்க. நான் சொல்ல வர்றது நாலாவது ஆள். பர்சபா என்கிற யோசேப்பு. யுஸ்துன்னு இன்னொரு பேரும் உண்டு. மூணு பேர் இருந்தும் யாருக்கும் தெரியாத மனுஷன் :-)

அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்துல வர்றார். யூதாஸ் போனதால பன்னிரண்டு பேர்ல ஒரு இடம் காலி. சுமார் 120 பேர் கூடியிருக்காங்க. யோவான் ஞானஸ்நானம் கொடுத்த காலத்துல இருந்து இயேசு பரமேறின நாள் வரைக்கும் கூடவே இருந்தவரா இருக்கணும்னு பேதுரு தகுதியைச் சொல்றார். யோசேப்பு, மத்தியா ரெண்டு பேரை நிறுத்தறாங்க. ஜெபம் பண்ணி சீட்டு போடறாங்க. மத்தியா பேருக்கு விழுது. அதோட யோசேப்பு கதை பைபிள்ல முடிஞ்சுது.

தோத்தவர் என்ன செஞ்சார்னு லூக்கா எழுதலை. ஆனா லூக்கா சண்டைகளை மறைக்கிற ஆள் இல்லைங்க. விதவைகளுக்கான பந்தியில வந்த முறுமுறுப்பை 6ஆம் அதிகாரத்துல எழுதியிருக்கார். பவுலும் பர்னபாவும் பிரிஞ்சு போனதை 15ஆம் அதிகாரத்துல எழுதியிருக்கார். யோசேப்பு தனி அணி கட்டியிருந்தா அதுவும் வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன். அவர் விஷம் குடிச்சும் சாகலைன்னு பாப்பியாஸ் சொன்னதா 4ஆம் நூற்றாண்டுல யுசேபியஸ் எழுதி வச்சிருக்கார். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா தோத்தவரை சபை மறக்கலைங்கிறது மட்டும் தெரியுது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். திருமண்டலத் தேர்தல்னா அணி, போஸ்டர், விருந்து, முடிஞ்சதும் வழக்கு. 1947ல ஒற்றுமைக்காகவே பல சபைகள் சேர்ந்து உண்டாக்கின சி.எஸ்.ஐ.யை நிர்வாகம் பண்ண, 2024ல ஓய்வுபெற்ற நீதிபதிகள் ரெண்டு பேரை சென்னை உயர்நீதிமன்றம் நியமிக்க வேண்டி வந்தது. சுயாதீன சபைகள்ல கோர்ட் வரைக்கும் போறதில்லை, பக்கத்துத் தெருவுல புது போர்டு மாட்டிடறாங்க.

வழக்கே போடக்கூடாதுன்னு நான் சொல்லலை. முறைகேடு நடந்தா கேட்கத்தான் வேணும். பவுலே இராயனுக்கு அபயமிட்டவர்தான். என் ஆதங்கம் வேற. பதவி கிடைச்சாத்தான் ஊழியம்னு நம்ம தலைவர்கள் நினைக்க ஆரம்பிச்சுட்டாங்க. பள்ளிக்கூடம், கல்லூரி, நியமனம், சொத்து எல்லாம் அந்த நாற்காலிக்குக் கீழே இருக்கிறதால தோக்கறதுக்கு யாருக்கும் மனசில்லை.

யோசேப்பை வேட்பாளராக்கினது என்ன? பதவியே இல்லாம அத்தனை காலம் கூடவே நடந்தது. அந்தத் தகுதி சீட்டு விழலைன்னா போயிடுமா? இன்னொண்ணும் கவனிங்க. ஜெயிச்ச மத்தியா பேரும் அதுக்கப்புறம் பைபிள்ல வர்றதே இல்லை!

ஜெயிச்சவங்களுக்கும் இதுல பாடம் இருக்கு. எதிர் அணிக்கு ஓட்டு போட்ட ஆயரை அடுத்த மாசமே கடைக்கோடி சேகரத்துக்கு மாத்தினா, தோத்தவர் எப்படி சபையில நிம்மதியா இருப்பார்? யோசேப்பு மாதிரி ஆட்கள் வேணும்னா அவங்க உட்கார ஒரு இடமும் வேணும்.

என்னைக் கேட்டா வேட்புமனுவுல ஒரே ஒரு கேள்வி சேர்க்கலாம். "நீங்க தோத்துட்டா அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில என்ன வேலை செய்வீங்க?" பதில் சொல்ல முடியாதவர் பேரை சீட்டுல எழுதவே வேண்டாம்.